எவ்வளவு அழுத்தலாம்?

பிராசசரின் சூட்டை இழுத்துக்கொள்ளும் ஹீட்சிங்கைக் கணினியில் மாட்டியபோது, அதன் நான்கு பின்களில் மூன்று "டிக்" என்றன. நான்காவது வாயே திறக்கவில்லை. அப்போது நான் அதைக் கவனிக்கவில்லை. நான்கு மூலையையும் அழுத்தியாயிற்று, ஹீட்சிங்க் ஆடவில்லை, விசிறி சுற்றுகிறது, சரி, வேலை முடிந்தது என்று கேபினட்டை மூடிவிட்டேன். கணினியும் ஒழுங்காகத்தான் ஆன் ஆனது. ஆனால் கொஞ்சம் கனமான வேலை கொடுத்தால் போதும், பத்து நிமிடத்தில் பட்டென்று அணைந்துவிடும். சற்றுப் பொறுத்து பட்டனை அழுத்தினால் ஒன்றுமே நடக்காததுபோல் எழுந்துகொள்ளும்.

முதலில் பவர் சப்ளை மேல் சந்தேகப்பட்டேன். அப்புறம் ரேமைக் கழற்றித் துடைத்துப் போட்டேன். விண்டோஸை அழித்துவிட்டுப் புதிதாக நிறுவப் பார்த்தேன். நிறுவும்போதே பாதியில் அணைந்தது. மூன்றாம் நாள், டார்ச்சைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் குனிந்து பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது. ஹீட்சிங்கின் அடிப்பாகத்துக்கும் பிராசசருக்கும் நடுவே, ஒரு மூலையில், மயிரிழை போல வெளிச்சம்.

கழற்றிப் பார்த்தேன். ஒரு பக்கம், இடையே பூசும் பசையான தெர்மல் பேஸ்ட் மெல்லிய சாம்பல் படலமாகப் பரவியிருந்தது. எதிர்ப்பக்கத்தில், தொழிற்சாலையில் பட்டை பட்டையாகப் பூசி அனுப்பியது அப்படியே கலையாமல் இருந்தது. அந்தப் பக்கம் பிராசசரைத் தொடவே இல்லை. அதாவது மூன்று நாளும் அந்தக் கணினி ஹீட்சிங்கில் பாதியை வைத்துக்கொண்டு ஓடியிருக்கிறது.

அதற்குப் பிறகு எனக்கும் தெரிந்தவர்களுக்கும் நிறைய மாட்டியாகிவிட்டது. எல்லாரும் கேட்பது "எந்த ஹீட்சிங்க் வாங்கலாம்?" என்றுதான். "எவ்வளவு அழுத்தலாம்?" என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. சூடாகிறது என்று என் மேசைக்கு வந்த கணினிகளில் பலவற்றில், வாங்கியது சரியாகத்தான் இருந்தது, உட்காரவைத்ததில்தான் கோளாறு. நேராக உட்கார்ந்த சாதாரண ஹீட்சிங்க், கோணலாக உட்கார்ந்த பெரிய ஹீட்சிங்கைவிட எவ்வளவோ மேல்.

ஏன் இத்தனை நுணுக்கம் என்பதற்கு ஒரு கணக்கு. ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டியின் அடித்தட்டு 200 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சதுர சென்டிமீட்டருக்கு 5 வாட் ஆகிறது. அதுவே துணியைக் கருக்கிவிடும். பிராசசரின் மூடிக்கு அடியில் இருக்கும் சிலிக்கான் துண்டு கட்டைவிரல் நகம் அளவுதான். ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 7000 வரிசையில், கணக்குப் போடும் கோர்கள் இருக்கும் துண்டு ஒரு சதுர சென்டிமீட்டர்கூட வராது. நூறு வாட் அந்த இடத்திலிருந்து கிளம்பினால் இஸ்திரிப் பெட்டியைப் போல இருபது மடங்கு நெரிசல். அதைச் சட்டென்று அகலமான இடத்துக்கு இழுத்துக்கொண்டு போக வேண்டும். ஹீட்சிங்கின் வேலை அவ்வளவுதான்.

இழுத்துப் போகிற பொருள்களுக்குள் பெரிய ஏற்றத்தாழ்வு உண்டு. வெப்பத்தைக் கடத்தும் திறனுக்கு ஓர் எண் போடுவார்கள். செம்புக்கு அது ஏறக்குறைய 400, அலுமினியத்துக்கு 200 சொச்சம், காற்றுக்கு 0.026. நல்ல தெர்மல் பேஸ்ட் என்று சொல்லப்படுவதற்கு 8, 10 என்று இருக்கும். பேஸ்ட் செம்பைவிடப் பல பத்து மடங்கு மோசம், காற்றைவிடச் சில நூறு மடங்கு தேவலை. கண்ணுக்கு வழவழவென்று தெரிகிற இரண்டு உலோகப் பரப்புகளிலும் கீறலும் பள்ளமும் நிறைய உண்டு. அந்தப் பள்ளங்களில் உட்கார்ந்திருக்கும் காற்றை விரட்டத்தான் பேஸ்ட். உலோகம் உலோகத்தைத் தொடுகிற இடத்தில் அது குறுக்கே நிற்கக் கூடாது. அழுத்தம் எதற்கு என்பது இங்கேதான் புரியும்: மிஞ்சின பேஸ்ட்டைப் பிதுக்கி வெளியே தள்ள.

சரி, வாங்குகிற கதைக்கு வருவோம். பிராசசர் பெட்டியில் 65 வாட், 105 வாட் என்று டிடிபி எண், அதாவது எவ்வளவு வெப்பத்தை வெளியேற்ற வேண்டும் என்ற கணக்கு, போட்டிருப்பார்கள். அதை அப்படியே நம்பி ஹீட்சிங்க் தேடாதீர்கள். ஏஎம்டியின் 65 வாட் பிராசசர் 88 வாட் வரை இழுக்கும். 105 என்றால் 142. 170 என்றால் 230. இன்டெல் கோர் ஐ9-13900கே-க்கு அடிப்படை 125 வாட், உச்சத்தில் 253. ஆகவே உச்ச எண்ணைத் தேடிப் பிடித்து, அதைத் தாங்குகிற ஹீட்சிங்கை எடுங்கள். அதற்காக 65 வாட் பிராசசர் வைத்திருப்பவர் கோபுரம் போல உயர்ந்த ராட்சத ஹீட்சிங்க் வாங்க வேண்டியதில்லை. கடிதமும் கணக்கும் பார்க்கிற கணினிக்குப் பெட்டியோடு வந்ததே போதும். அதில் சத்தம் பிடிக்கவில்லை என்றால் மட்டும் மாற்றலாம், அதுவும் நியாயமான காரணம்தான். பெரிய ஹீட்சிங்கில் விசிறி மெதுவாகச் சுற்றினாலே வேலை ஆகிவிடும்.

அடுத்தது இடம். 120 மி.மீ. விசிறி வைத்த கோபுர வகை ஹீட்சிங்க் பெரும்பாலும் 150-லிருந்து 160 மி.மீ. உயரம் வரும். நாக்டுவாவின் என்எச்-டி15 165 மி.மீ., இரண்டு விசிறியோடு 1.3 கிலோ. அதே நிறுவனத்தின் என்எச்-எல்9ஐ வெறும் 37 மி.மீ. கேபினட்டின் விவரக் குறிப்பில் எவ்வளவு உயரம் வரை அடங்கும் என்று ஓர் எண் இருக்கும்; அதைப் பார்க்காமல் வாங்கிவிட்டுப் பக்கக் கதவை மூட முடியாமல் முழங்காலால் தள்ளியவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்புறம் ரேம். நெற்றியில் கிரீடம் வைத்த மாதிரி உயரமான தகடு போட்ட ரேம் இருந்தால் முன்பக்க விசிறி அதில் இடிக்கும். விசிறியைக் கொஞ்சம் மேலே ஏற்றி மாட்டலாம், ஆனால் அப்போது மொத்த உயரம் கூடிவிடும். மறுபடி கதவு மூடாது.

பிராசசர் உட்காரும் சாக்கெட் விஷயத்தில்தான் ஆட்கள் அதிகமாக ஏமாறுகிறார்கள். இன்டெல் பலகையில் (மதர்போர்டில்) ஹீட்சிங்குக்கு நான்கு துளைகள், சதுரமாக. பழைய எல்ஜிஏ 775 சாக்கெட்டில் துளைக்குத் துளை 72 மி.மீ. எல்ஜிஏ 1156-லிருந்து 1200 வரை 75. எல்ஜிஏ 1700 வந்தபோது 78 ஆகிவிட்டது. மூன்று மி.மீ. வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. பின் துளையில் நுழையப் பார்க்கிறதே, இன்னும் கொஞ்சம் தள்ளினால் போய்விடும் என்றுதான் தோன்றும். போகாது. போனாலும் சாய்ந்து நிற்கும். இன்னொன்று, 1700 சாக்கெட்டில் பிராசசர் உட்காரும் உயரமும் முன்பைவிடச் சற்றுக் குறைவு, அதனால் பழைய பிடிமானத்தை எப்படியோ பொருத்திவிட்டாலும் போதிய அழுத்தம் கிடைக்காது. உங்கள் சாக்கெட்டின் பெயர் ஹீட்சிங்க் பெட்டியில் அச்சாகியிருக்க வேண்டும். ஏஎம்டி பக்கம் ஏஎம்4 சாக்கெட்டுக்கு வாங்கியது அடுத்து வந்த ஏஎம்5-க்கும் பொதுவாகப் பொருந்தும், பலகையோடு வந்த, அதன் பின்புறம் இருக்கும் பின்தகட்டையே பயன்படுத்துகிற வகையாக இருந்தால். தன் சொந்தப் பின்தகட்டைக் கேட்கிற ஹீட்சிங்க் ஏஎம்5-இல் ஏறாது. அங்கே பின்தகடு சாக்கெட்டையே பிடித்துக்கொண்டிருப்பது, கழற்றுவதற்கில்லை.

ஹீட்சிங்கில் எனக்கு மிகவும் பிடித்த பாகம் அந்தச் செம்புக் குழாய். ஹீட் பைப் என்பார்கள். அது கெட்டியான செம்புக் கம்பி என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உள்ளே வெற்றுக் குழாய். காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, சில சொட்டுத் தண்ணீர் விட்டு, வாயை அடைத்துவிடுவார்கள். உள்ளே காற்றழுத்தம் இல்லாததால் தண்ணீர் நூறு டிகிரிக்கு வெகு முன்பே கொதிக்கும். பிராசசர் பக்கம் ஆவியாகி, ஹீட்சிங்கின் மெல்லிய தகடுகள் பக்கம் ஓடி, அங்கே குளிர்ந்து மறுபடி தண்ணீராகும். திரும்பி வர மோட்டார் எதுவும் இல்லை. குழாயின் உட்சுவரில் செம்புத்தூளைச் சுட்டு ஒட்டவைத்திருப்பார்கள். விளக்குத் திரி எண்ணெயை ஏற்றுகிற மாதிரி அது தண்ணீரை இழுத்து வந்துவிடும். 1963-இல் லாஸ் அலாமஸ் ஆய்வுக்கூடத்தில் ஜார்ஜ் குரோவர் இதைச் செய்துகாட்டினார். ஆறு மில்லிமீட்டர் தடிமன் குழாய்க்குள் நாள் முழுக்க மழை பெய்துகொண்டிருக்கிறது என்று நினைத்தால் எனக்கு இன்றும் வேடிக்கையாக இருக்கும். அதனால்தான் சொல்கிறேன், இடம் போதவில்லை என்று அந்தக் குழாயை வளைக்கப் பார்க்காதீர்கள். எங்காவது நசுங்கிவிட்டால் ஆவி போகும் வழியும் அடைபடும், தண்ணீர் திரும்பும் திரியும் உடைபடும். அப்புறம் அது வெறும் செம்புத் தகடுதான்.

தண்ணீரைப் பம்ப் வைத்து ஓட்டுகிற குளிர்விப்பான்களைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. எனக்கு, நின்றுபோகக்கூடிய பாகம் எவ்வளவு குறைவோ அவ்வளவு நிம்மதி.

அழுத்தத்துக்குத் திரும்புகிறேன். இன்று பிராசசர் மேல் ஓர் உலோக மூடி இருக்கிறது. 2000-ஐ ஒட்டி வந்த ஏஎம்டியின் ஆத்லான் போன்றவற்றில் அது கிடையாது. சிலிக்கான் துண்டு நடுவில் மொட்டையாக நிற்கும், நான்கு மூலையில் நான்கு ரப்பர்த் துண்டுகள் ஒட்டியிருக்கும், ஹீட்சிங்க் சாய்ந்தால் தாங்கிக்கொள்ள. அதன் மேல் ஸ்பிரிங் கம்பியை ஸ்க்ரூடிரைவரால் நெம்பி, சாக்கெட்டின் பிளாஸ்டிக் கொக்கியில் மாட்ட வேண்டும். கொஞ்சம் சாய்ந்தால் சிலிக்கான் மூலை உடையும். ஸ்க்ரூடிரைவர் வழுக்கினால் பலகையின் கம்பித்தடம் கிழியும். 2001-இல் டாம்ஸ் ஹார்ட்வேர் தளம் ஒரு சோதனை செய்தது: ஓடிக்கொண்டிருக்கும்போதே ஹீட்சிங்கைத் தூக்கினார்கள். ஆத்லான் புகைந்து செத்தது. இன்டெலின் பென்டியம் 4 வேகத்தைக் குறைத்துக்கொண்டு உயிரோடு இருந்தது. இன்றைய பிராசசர்கள் எல்லாமே அந்தப் பென்டியம் 4 வழிக்கு வந்துவிட்டன. சூடு எல்லை மீறினால் வேகத்தைக் குறைக்கும், அதுவும் போதவில்லை என்றால் அணைந்துவிடும். நல்லதுதான், ஆனால் இதனால் ஒரு தொல்லையும் உண்டு. ஹீட்சிங்க் கோணலாக இருந்தாலும் கணினி சாகாது, மெதுவாக ஓடிக்கொண்டே இருக்கும். "பழசாகிவிட்டது போல" என்று நாமும் விட்டுவிடுவோம்.

மாட்டுவதற்கு நான் பின்பற்றும் முறை இது. முடிந்தால் பலகையைக் கேபினட்டுக்கு வெளியே, மேசை மேல் படுக்கவைத்து வேலை செய்யுங்கள். நிற்கிற கேபினட்டில், ஒரு கையால் கனத்தைத் தாங்கிக்கொண்டு இன்னொரு கையால் திருகு தேடுவது தேவையில்லாத வித்தை. ஏஎம்4 பலகையில் முன்பக்கத் திருகுகளைக் கழற்றினால் பின்தகடு தானாகக் கீழே விழுந்துவிடும், பயப்பட வேண்டாம், ஒரு விரலால் பிடித்துக்கொண்டால் போதும்.

பேஸ்ட் பூசும் முன்பு ஹீட்சிங்கின் அடிப்பாகத்தைத் திருப்பிப் பாருங்கள். அங்கே ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கலாம். உரிக்கச் சொல்லி அதன் மேலேயே எழுதியிருக்கும். அதை உரிக்காமல் மாட்டுகிறவர்கள் முட்டாள்கள் அல்ல. நானும் ஒருமுறை மாட்டியிருக்கிறேன். கண்ணாடி போலத் தெளிவான தாள், செம்பு பளபளவென்று தெரிகிறது, யாருக்குத் தோன்றும்?

பழைய பேஸ்ட் இருந்தால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த, நார் உதிராத துணியால் இரண்டு பக்கமும் துடையுங்கள். புது பேஸ்ட் நடுவில் பட்டாணி அளவு. பெரிய மூடி வைத்த பிராசசருக்குப் பெருக்கல் குறி மாதிரி இரண்டு மெல்லிய கோடு. எந்த வடிவம் சிறந்தது என்று மணிக்கணக்கில் சண்டை நடக்கும். என் அனுபவத்தில் அளவு சரியாக இருந்து ஹீட்சிங்க் நேராக இறங்கினால் வடிவம் ஒரு பொருட்டே இல்லை. கொஞ்சம் கூடிப்போனாலும் பக்கவாட்டில் வழியுமே தவிரக் கெடுதல் அதிகமில்லை. ஒரே எச்சரிக்கை, திரவ உலோகம் என்று விற்பதை அலுமினிய அடிப்பாகத்தில் பூசவே கூடாது. அதில் இருக்கும் கேலியம் அலுமினியத்தை அரித்து நொறுங்கவைத்துவிடும். மின்சாரமும் கடத்தும் என்பதால் பலகையில் சொட்டினால் வேறு வம்பு. முதல்முறை மாட்டுகிறவர் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

இப்போது இறக்குவது. நேராக மேலிருந்து கீழே, ஒரே தடவை. வைத்த பிறகு தூக்கிப் பார்க்காதீர்கள். தூக்கினால் பேஸ்ட்டுக்குள் காற்றுக்குமிழி புகும். திருகு வகை என்றால், ஒரு மூலையில் இரண்டே சுற்று; அடுத்து அதற்கு எதிர்மூலையில் இரண்டு சுற்று; பிறகு மற்ற இரண்டு. இப்படியே மாற்றி மாற்றி. ஒரு திருகை முழுசாக முறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் ஹீட்சிங்க் ஒரு பக்கம் சாய்ந்து, பேஸ்ட் எதிர்ப்பக்கம் ஓடிவிடும். நல்ல ஹீட்சிங்குகளில் திருகுக்கு அடியில் ஸ்பிரிங்கும், ஒரு கட்டத்துக்கு மேல் இறங்காமல் தடுக்கிற தோளும் இருக்கும். அந்த இடம் வந்ததும் கை உணரும். இலகுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது சட்டென்று நின்றுவிடும். அங்கே நிறுத்துங்கள். எவ்வளவு அழுத்த வேண்டும் என்பதை அந்த ஸ்பிரிங் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டது. அதற்கு மேல் முறுக்கினால் திருகின் மரை போகும், பலகை வளையும், குளிர்ச்சி ஒரு டிகிரிகூடக் கூடாது.

என்னைப் படுத்திய தள்ளுபின் வகைக்கு வேறு பக்குவம். மேலே கறுப்புத் தொப்பியில் ஓர் அம்புக்குறி இருக்கும். அது காட்டுகிற பக்கம் திருப்பினால் பின் விடுபடும், அதாவது அது கழற்றுவதற்கான திசை. பலர் பூட்டுவதற்கு என்று நினைத்துத் திருப்பி வைத்துவிடுகிறார்கள். மாட்டும் முன்பு நான்கையும் பழைய நிலைக்குத் திருப்பி, தொப்பியை மேலே இழுத்துவிட்டு, எதிர்மூலைகளை இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள். கட்டைவிரல் நோகும் அளவுக்கு அழுத்த வேண்டியிருக்கும், பலகை லேசாக வளைவதும் தெரியும். பிறகு பலகையைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். ஒவ்வொரு துளையிலும் இரண்டு வெள்ளைக் கால்கள் முழுசாக வெளியே வந்து, நடுவில் கறுப்புக் குச்சி புகுந்து அவற்றை விரித்திருக்க வேண்டும். ஒன்றில் வெள்ளைக் கால் ஒன்று மடங்கி உள்ளேயே நின்றால், நான்கையும் கழற்றி, மறுபடி துடைத்து, மறுபடி பூசி. வேறு வழியில்லை. "டிக்" சத்தத்தை நான் நம்புவதை விட்டு வெகு காலம் ஆயிற்று.

விசிறியின் திசைக்கு அடையாளம் சுலபம். குறுக்குச் சட்டம் இருக்கும் பக்கமாகக் காற்று வெளியேறும். அந்தப் பக்கம் கேபினட்டின் பின்புறம் பார்த்தபடி இருக்கட்டும். கம்பியைச் சிபியு ஃபேன் என்று அச்சிட்ட இணைப்பில் சொருகுங்கள். வேறு இடத்தில் சொருகினால் பல பலகைகள் ஆன் செய்ததும் விசிறி இல்லை என்று முறையிடும்.

ஆன் செய்த பிறகு வெப்ப எண்ணை மட்டும் பார்த்தால் போதாது, அது எப்படி ஏறுகிறது என்று பாருங்கள். முழு வேலை கொடுத்த இரண்டு மூன்று நொடியிலேயே எண் உச்சத்தில் போய் முட்டினால், தொடுகை சரியில்லை என்று நான் சந்தேகப்படுவேன். வெப்பம் ஹீட்சிங்குக்குப் போய்ச் சேரவே இல்லை. கையால் தொட்டால் தகடுகள் சில்லென்று இருக்கும். ஐந்து பத்து நிமிடத்தில் மெதுவாக ஏறி உச்சத்துக்குப் போனால் தொடுகை நன்றாக இருக்கிறது, ஹீட்சிங்க் சிறியது அல்லது கேபினட்டில் காற்றோட்டம் போதவில்லை. ஒன்றுக்கு மறுபடி மாட்ட வேண்டும், மற்றதற்குச் செலவு செய்ய வேண்டும். ரைசன் 7000-இன் உயர்ந்த மாடல்கள் மட்டும் இந்தக் கணக்கில் வராது. அவை முழு வேலையில் 95 டிகிரியைத் தொட்டு அங்கேயே நிற்கும்படி வடிவமைக்கப்பட்டவை. அவற்றில் வேகம் எவ்வளவு தாக்குப்பிடிக்கிறது என்பதைப் பாருங்கள்.

கழற்றுவதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் செய்ததில் மோசமானது அங்கேதான். தெரிந்தவர் ஒருவரின் கணினி, சில வருடம் திறக்காதது, பிராசசரின் அடியில் ஊசி ஊசியாகக் கால்கள் உள்ள வகை. திருகுகளைக் கழற்றிவிட்டு ஹீட்சிங்கை நேராக மேலே இழுத்தேன். வரவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தேன். "படக்" என்று கையோடு வந்தது, அடியில் பிராசசரும் ஒட்டிக்கொண்டு. சாக்கெட்டின் நெம்புகோல் பூட்டியபடியே இருந்தது. பேஸ்ட் காய்ந்து அவ்வளவு கெட்டியாகப் பிடித்திருக்கிறது. ஓர் ஓரத்தில் ஏழு கால்கள் சாய்ந்திருந்தன. குச்சி நீக்கிய மெக்கானிக்கல் பென்சிலின் உலோக முனைக்குள் ஒவ்வொரு காலாக நுழைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிமிர்த்தினேன். ஒரு மணி நேரம் ஆயிற்று. நல்லவேளை, ஒன்றும் முறியவில்லை. அதிலிருந்து, கழற்றும் முன்பு கணினியைப் பத்து நிமிடம் வேலை வாங்கிச் சூடாக்குகிறேன், அணைத்து மின்கம்பியைப் பிடுங்குகிறேன், திருகுகளைக் கழற்றியதும் ஹீட்சிங்கை இடமும் வலமும் லேசாகத் திருகுகிறேன். பிடி விட்டதும் கையில் ஒரு வழுக்கல் தெரியும். அப்புறம்தான் தூக்குவது.

போன மாதம் என்னுடைய கணினியையே தூசு தட்டத் திறந்தேன். இரண்டு வருடம் முன்பு மாட்டிய ஹீட்சிங்க். சூடாக்கி, திருகி, தூக்கினேன். பிராசசர் மூடியின் நான்கு ஓரத்திலும் பேஸ்ட் மெல்லிய வரப்பு மாதிரி ஒதுங்கியிருந்தது. நடுவில் மிஞ்சியிருந்த படலத்தின் ஊடாக மூடியில் பொறித்த எழுத்துகளை வாசிக்க முடிந்தது.